மேளம் கேட்டுப் போட்ட ஊசி

போன வாரம் எனக்குச் சாமி வந்தது.

சிரிக்காதீர்கள். சாட்சி இருக்கிறது. எங்கள் தெருவே சாட்சி! ஆண்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டு மரகதம் அக்கா என் காலில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டாள் — “தாயே, எங்க தெருமேல ஒனக்கு என்ன கொறை?”

குறை தெருவின் மேல் இல்லை. என் மேல் வந்திருந்தது தாயும் இல்லை. என்ன வந்திருந்தது என்று சொல்கிறேன்… அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சர்க்கரை பழைய சிநேகிதி. புதிதாக உள்ளே நுழைகிறவர்களுக்கு ஒரு வரி அறிமுகம் — ஐம்பதைத் தாண்டியவள். சுகர் வந்து ஏழெட்டு வருஷம். மாத்திரையில் ஆரம்பித்து, இப்போது காலையும் இரவும் இன்சுலின். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் தறியில் உட்காருகிறார். நான் எழுதுகிற மேஜையில் உட்காருகிறேன். ரெண்டு பேருக்கும் அடிக்கடி இழை அறும். அவர் முடிச்சுப் போட்டுவிடுவார். நான் எழுந்து நடப்பேன்.

என் நாள் ஒரு சொட்டு ரத்தத்தில் விடிகிறது.

விரல் நுனியில் குத்தக் கூடாது, பக்கவாட்டில் குத்த வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். கேட்டேனா? குத்திக் குத்தி நுனியெல்லாம் சொரசொரத்துப் போய், ஒருநாள் புதுப் புடவையை ஆசையாகத் தடவினேன். “கைய எடும்மா, ஒன் வெரலு பட்டா பட்டு இழுத்துக்குது” என்றார் வீட்டுக்காரர். அன்றிலிருந்து பக்கவாட்டுதான். டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள்கூடப் பட்டு சொன்னால் கேட்பார்கள் — எங்கள் ஊர் அப்படி.

குன்றிமணி மாதிரி ஒரு சொட்டு. மீட்டர் சில விநாடி யோசிக்கும். அந்தச் சில விநாடிதான்… பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டும்போது பசை காய்வதற்குள் எட்டிப் பார்த்தோமே, அந்த நெஞ்சடைப்பு. நூற்றிப்பத்து, இருபது என்று வந்தால் அன்றைக்குக் காக்கா கத்துவதுகூடக் கச்சேரி. இருநூற்றைத் தாண்டினால் வீட்டில் விசாரணைக் கமிஷன். நேற்று யார் வீட்டு நிச்சயதார்த்தம்? யார் கொடுத்த மைசூர்பாகு? ஒரு துண்டா, துண்டுக்குப் பின்னால் இன்னொரு துண்டா?

அப்புறம் நடை. எங்கள் தெருவில் காலையில் நடப்பது லேசான காரியமில்லை. தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். ரெண்டு முனையிலும் குச்சி ஊன்றி, ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சரிசெய்கிற வேலை. ஒருநாள் மாம்பழ மஞ்சள், ஒருநாள் அரக்கு, ஒருநாள் எந்தக் கடலிலும் இல்லாத ஒரு நீலம். அதன் ஓரமாக, சுவரை ஒட்டி, பல்லி மாதிரி நான் போவேன். பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் ரத்தம் ஞாபகம் வரும். இழுத்துக் கட்டினால் அறும். தளர விட்டால் தொங்கும். இதற்கும் அதற்கும் நடுவில் ஓர் இறுக்கம் இருக்கிறது… அதைக் கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் தினம் தினம் புதிதாக. சர்க்கரையோடு வாழ்வது அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

நடைக்குத் துணை ஷகீலா. கடைத்தெருவில் ஜரிகைக் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் சுகர். நாங்கள் பார்த்துக்கொண்டதும் “நல்லா இருக்கியா?” என்று கேட்டுக்கொள்வதில்லை. “எவ்ளோ?” என்றுதான் கேட்போம். குறைந்த நம்பர் வந்தவள் அன்றைக்கு ராணி. அதிகம் வந்தவள் சர்க்கரை போடாத டீ வாங்கித் தர வேண்டும். இந்தச் சூதாட்டத்தில் நான் கவிழ்ந்தது அதிகம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் சந்தோஷமாகவே இருக்கிறேன். சர்க்கரை வருவதற்கு முன்னால் நான் இட்லியைப் பார்த்ததே இல்லை, தின்றிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது ரெண்டே ரெண்டு. அதனால் ஒவ்வொரு மிளகும் தெரிகிறது. சுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாக்கு தேடுகிறது. அளவு வைத்த பிறகுதான் ருசி வந்தது — கவிதைக்கும் இப்படித்தான் என்று யாரோ சொல்ல வேண்டியது, இட்லி சொல்லிவிட்டது.

சரி, சாமிக்கு வருவோம்.

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம். பக்கத்துக் கோயில் திருவிழாவில் ஒருநாள் காலை சாமி எங்கள் தெருவுக்குள் வருவார். அன்றைக்கு வீட்டுக்கு வீடு தட்டு எடுப்பதில்லை. தெரு முழுக்கச் சேர்ந்து ஒரே தட்டு. தேங்காய், பழம், பூ, தெருவே சேர்ந்து நெய்த ஒரு சின்னப் பட்டுத் துண்டு. வருஷத்துக்கு ஒரு வீடு, முறை வைத்து. முறை வருகிற வீட்டுப் பெண் அந்தத் தட்டைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும் — வெறும் வயிற்றோடு. மற்ற வீடுகளிலும் சாமி தெருவைத் தாண்டும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. பச்சைத் தண்ணீர்தான்.

இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை.

கடந்த முறை எங்களுக்கு வந்தபோது எனக்குச் சுகர் கிடையாது. அப்போது பட்டினி ஒரு பக்தி. இப்போது பட்டினி ஒரு கணக்கு.

கொடியேற்றத்துக்கு முன்னாலேயே மரகதம் அக்கா வந்துவிட்டாள். அவள் எங்கள் தெருவின் அறிவிக்கப்படாத கலெக்டர். யார் வீட்டுக் கோலம் கோணல், யார் வீட்டுத் தறிச் சத்தம் ரெண்டு நாளாகக் கேட்கவில்லை — எல்லாம் அவளுக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

“சாந்தி, ஒனக்கு ஊசியெல்லாம் போட்டுக்கினு வெறும் வயித்தோட நிக்க முடியாதில்ல? ஒன் நாத்தனார வரச் சொல்லிடுமா. அவ திடமா இருக்கா. நீ உள்ள உக்காந்து கும்பிட்டுக்கோ.”

அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்று குத்தியது. இன்றைக்குத் தட்டைக் கொடுத்தால் நாளைக்கு ஆரத்தியைக் கொடுக்கச் சொல்வார்கள். அப்புறம் கல்யாண வீட்டில் பந்தி பார்க்க வேண்டாம், காற்றாட உட்கார் என்பார்கள். நோயாளி என்று ஒரு நாற்காலி இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி. ஓரமாகப் போட்டிருப்பார்கள். ஒருதரம் உட்கார்ந்தால் யாரும் எழுந்திருக்க விடமாட்டார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம், தட்டுதான் வேண்டும்.

“நானே நிக்கிறேன்க்கா” என்றேன். “திடமா நிப்பேன்.”

ஷகீலாவிடம் சொன்னபோது நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“ஏன்க்கா, எங்க நோன்புலயே ஒடம்பு முடியாதவங்களுக்கு விலக்கு இருக்குது. நான் டாக்டரக் கேட்டுக்கினு, மருந்து மாத்தி எழுதிக்கினுதான் நோன்பே வெப்பேன். ஒங்க சாமி என்னா, எங்களவிட கண்டிப்பா?”

“சாமி கண்டிப்பு இல்ல ஷகீலா. மரகதம் அக்கா கண்டிப்பு.”

“அப்ப டாக்டரயாவது கேளு.”

“கேக்கறேன் கேக்கறேன்…”

கேட்கவில்லை. ஏன்? என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அவ்வளவு அழகான திட்டம். அதை டாக்டரிடம் காட்டிக் கசக்க மனசு வரவில்லை.

திட்டம் இதுதான். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் — இது என் இன்சுலினின் சட்டம். தெருமுனையில் மேளம் கேட்டால் அரை மணிக்குள் சாமி எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார் — இது எங்கள் தெருவின் சட்டம். வருஷா வருஷம் பார்த்ததுதானே? அப்படியானால்… மேளம் கேட்டதும் ஊசி. சாமி வந்ததும் தட்டு. சாமி தாண்டியதும் இட்லி. தறியில் நாடாவும் ஊடை இழையும் மாதிரி ஒன்றோடொன்று ஓடிவிடும்! அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் முந்தின நாளே கூடையில் கோயில் இட்லி வேக வைத்து, இலையைப் போட்டு மூடிவிட்டேன். எங்கள் ஊர் இட்லி ரெண்டு நாள் தாங்கும். தாங்காதது யார் என்று அப்போது தெரியாது.

அன்றைக்குக் காலை. தெருவில் பாவு இல்லை. தண்ணீர் தெளித்து, முனையிலிருந்து முனைவரை கோலம். மீட்டரில் நல்ல நம்பர். வீட்டுக்காரர் எங்கள் தறியிலேயே நெய்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் ஒரு நிமிஷம் நோயும் இல்லை, வயசும் இல்லை.

நான் எங்கே போனாலும் கைப்பையில் நாலு சாக்லேட் வைத்திருப்பேன். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட. அன்றைக்குப் பையை ஆணியில் மாட்டிவிட்டேன். வாசல் வரைக்கும்தானே? அதுவும் ரெண்டு கையாலும் தட்டு பிடிக்க வேண்டும். பையை எங்கே மாட்டுவது? யாளி நெய்கிறோம், அன்னம் நெய்கிறோம், கோபுரம் நெய்கிறோம்… பட்டுப் புடவையில் ஒரு பாக்கெட் நெய்ய இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

டும்… டும்டும்…

தெருமுனையில் தவில். ஓடினேன் உள்ளே. ஊசி. ஓடினேன் வெளியே. தட்டு. ராக்கெட் விடுகிறவர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

சாமி முனையில் திரும்பினார். நின்றார்.

நின்றார்… நின்றுகொண்டே இருந்தார்.

என்ன விஷயம்? தெருவுக்குக் குறுக்கே புதிதாக ஒரு கேபிள் போயிருக்கிறது, யார் இழுத்ததோ. சாமி குடை அதில் போய் மாட்டிக்கொண்டது. குடையை இறக்கினால் கேபிள் நழுவி வாகனத்தின் கொம்பில் விழுகிறது. கொம்பிலிருந்து எடுத்தால் குடையில் விழுகிறது. எங்கள் வீட்டுக்காரர் உள்பட அஞ்சாறு பேர் மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆளாளுக்கு உத்தரவு. “இப்டி தூக்குப்பா!” “அப்டி இல்லப்பா, அந்தாண்ட!”

நின்ற இடத்தில் சும்மா இருப்பானேன் என்று நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்துவிட்டார்.

என்ன வாசிப்பு அது! அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாக விரித்து உதறி, வெயிலில் காயப் போட்டு, மடித்து, மறுபடி விரித்து… தெருவே வாயைப் பிளந்து நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. யாரோ “ஆஹா” என்றார்கள். அவர் இன்னும் உள்ளே போனார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ரசனையால் ஆடுகிறது என்றுதான் நினைத்தேன்.

ரசனை இல்லை.

சர்க்கரை ஏறுவது திருடன் மாதிரி. சத்தமே இருக்காது, வருஷக்கணக்கில் ஒவ்வொரு பொருளாக எடுத்துக்கொண்டு போவான். இறங்குவது கொள்ளைக்காரன் மாதிரி. கதவை உதைத்துக்கொண்டு வருவான். முதலில் உதட்டில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் முதுகில் வியர்வை, பட்டு ரவிக்கை நனைகிற அளவுக்கு. வயிற்றுக்குள் ஒரு குழி; அதற்குள் இன்னொரு குழி. கோலத்தின் புள்ளிகள் கோட்டைவிட்டு எழுந்து மிதந்தன. நாதஸ்வரம் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் கேட்பீர்கள். நானும் இப்போது கேட்கிறேன். ஆனால் எதிர்வாசலில் மரகதம் அக்கா. அவள் கண் தட்டின் மேல். இன்னும் ரெண்டு நிமிஷம், இதோ கேபிள் எடுத்துவிடுவார்கள், இன்னும் ரெண்டே நிமிஷம்… சர்க்கரை இறங்கும்போது அதோடு கைகோத்துக்கொண்டு புத்தியும் இறங்குகிறது. அதுதான் இதில் இருக்கிற பெரிய ஆபத்து.

தட்டு கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. குங்குமச் சிமிழ் தேங்காயில் மோதி டிங் டிங் டிங் என்றது. என் தலை ஆடியது. தோள் ஆடியது. மூடிய கண்ணும், முகமெல்லாம் வியர்வையும், அரக்குப் புடவையும், எதிரே மேளமும்…

“அய்யோ, சாந்திக்கு அருள் வந்துடுச்சுடீ!”

மரகதம் அக்காவின் குரல். அவ்வளவுதான். தவில்காரர் உற்சாகமாகிவிட்டார். தோடி போய் உடுக்கைத் தாளம் வந்தது. யாரோ தட்டை வாங்கினார்கள். யாரோ நெற்றி நிறைய விபூதி அப்பினார்கள். குலவை கேட்டது. காலில் மஞ்சள் தண்ணீர் ஜில்லென்று விழுந்தது.

“தாயே, எங்க தெருமேல ஒனக்கு என்ன கொறை? என்ன வேணும், கேளு தாயே!”

நான் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன் — “திங்க… எதனா… குடுங்க…”

“தாயி பசியோட வந்திருக்காடீ! ஓடுங்க!”

ஓடினார்கள். எல்லாரும் ஓடினார்கள். அதற்குள் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். சாமி பார்க்க வருஷா வருஷம் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கிற ஷகீலா.

“நகருங்கம்மா! நகருங்கன்றேன்ல! இது சாமி இல்ல, சுகரு! லோ சுகரு!”

சாமி தூக்குகிறவர்களுக்காகத் தெருவில் ஒரு பானையில் பானகம் கலக்கி வைத்திருந்தோம். அதில் ஒரு டம்ளர் மொண்டு வந்து, என்னை வாசற்படியில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்தாள். “முழுங்குவியாக்கா? கண்ணத் தொற. என்னப் பாரு. மெதுவா… மெதுவா குடி.” நினைவு இருக்கிறவர்களுக்குத்தான் வாயில் ஊற்றலாம், நினைவு தப்பினால் நேராக ஆஸ்பத்திரி என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மேளத்துக்குத்தான் தெரியாது.

வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் தொண்டையில் இறங்கின. அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எதையும் அப்படிக் குடித்ததில்லை. உள்ளே போய் மீட்டரைத் தேடி எடுத்து வந்து, ஷகீலா விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பத்தாறு. “இன்னிக்கி ராணி நீதான்க்கா” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு மறுபடியும் தெருவானது. புள்ளிகள் கோலத்துக்குள் இறங்கி உட்கார்ந்தன. முகங்களுக்குப் பேர் வந்தது. அப்புறம்தான் பார்த்தேன்…

என்னைச் சுற்றிப் படியெல்லாம் சாப்பாடு.

ஒரு கிண்ணத்தில் வெண்பொங்கல், ஆவி பறக்கிறது. ஒரு தட்டில் இட்லி, மேலே சட்னி ஊற்றி, ஓரத்தில் பிட்டுத் தின்ற அடையாளத்தோடு. உப்புமா. பாதி குடித்த காப்பி. நெய் தோசை ஒன்று, சட்டியிலிருந்து நேராக வந்தது போல முறுமுறுவென்று. கடைசியாக, மரகதம் அக்காவின் கையில் ஓர் உளுந்து வடை — கடித்த வடை.

எனக்கு மட்டும் அல்ல. எல்லாருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. அடுப்பே மூட்டாத தெருவில் இந்தத் தோசை எங்கே சுட்டது?

மேளம்கூட நின்றுவிட்டது. ஒருத்தர் தட்டை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் மரகதம் அக்காவின் வீட்டுக்காரர்தான் போட்டு உடைத்தார்.

“அட, நீயும் தின்னுவியா? பூஜை ரூமு கதவ சாத்திக்கினு அவ்ளோ நேரம் சாமி கும்புடுறன்னு நெனச்சுக்கினு இருந்தேன்! நான் பின்கட்டுல நின்னுக்கினு அவசர அவசரமா முழுங்கறேன் வருஷா வருஷம்…”

“ஏங்க, வாய மூடுங்க” என்றாள் அக்கா. வடையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். எண்ணெய் படுமே என்று பட்டு தடுத்துவிட்டது. அவளுக்கே சிரிப்பு பீறிட்டது. அவ்வளவுதான்… தெரு முனையிலிருந்து முனைவரைக்கும் சிரிப்பு, தீ பிடித்த சரவெடி மாதிரி. எத்தனை வருஷமாக ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு தின்றிருக்கிறது! உண்மையாகவே பட்டினி இருந்த ஒரே முட்டாள், ஊசியும் போட்டுக்கொண்டு நின்ற நான்.

சிரிப்பு அடங்குவதற்குள் கேபிளும் விலகிவிட்டது. சாமி அசைந்து அசைந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். குருக்கள் கையை நீட்டினார். “தட்டு யாரும்மா?”

வெறும் வயிற்றோடு இருக்கிறவர் பிடிக்க வேண்டிய தட்டு. நானோ ஒரு டம்ளர் பானகம் குடித்தவள். மற்றவர்கள்… வேண்டாம், படியைப் பார்த்தாலே போதும். திருவிழாவுக்கு வந்திருந்த என் நாத்தனார் சுவரைப் பார்த்தாள். மரகதம் அக்கா என்னைப் பார்த்தாள். இவ்வளவும் அந்தத் தட்டுக்காகத்தானே?

வாகனத்தின் முன் தண்டில் தோள் கொடுத்திருந்தவர் — அகலமான மனுஷர், தோளில் காய்ப்பு — பொறுமை இழந்துவிட்டார்.

“சீக்கிரம் காட்டுங்கம்மா, தோளு கழண்டுக்குது! வெறும் வயிறாம் வெறும் வயிறு… நாங்கல்லாம் விடியறதுக்கு முன்னாடியே வயிறு ரொம்பத் தின்னுட்டுத்தான் வந்துக்கினு இருக்கறோம். வெறும் வயித்தோட தூக்கினா சாமி எங்க இருப்பாரு? கீழதான் இருப்பாரு!”

குருக்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மரகதம் அக்கா வடையை அவள் வீட்டுக்காரர் கையில் திணித்தாள். கையைக் கழுவினாள். தட்டை எடுத்தாள். சாய்ந்திருந்த தேங்காயை நிமிர்த்தி, கலைந்த பூவைச் சரிசெய்து, நேராக என்னிடம் வந்தாள்.

“எழுந்துக்க முடியுமாடி?”

“முடியும்க்கா.”

“பிடி அப்ப. ஒன் வீட்டு முறை. நீதான் பிடிக்கணும்.”

எழுந்தேன். ஒரு பக்கம் ஷகீலா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு கையாலும் தட்டை ஏந்தினேன். குங்குமச் சிமிழ் சத்தம் போடவில்லை. தீபம் மேலே போய்ச் சுற்றி இறங்கியது. அதன் வெளிச்சத்தில் சாமி முகத்தைப் பார்த்தேன்… கோபம் எதுவும் தெரியவில்லை. பசி தாங்காத பிள்ளைகளைப் பெற்றவரின் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது.

சாமி தாண்டியதும் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு என் ரெண்டு இட்லியைத் தின்றேன். அன்றைக்கு மூன்றாவதும் தின்றேன். அதை எடுத்து வைத்தது ஷகீலா.

மறுநாள் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “தோசையைப் பார்த்து ஊசி போடுறவங்களைப் பார்த்திருக்கேன். சீரியல் டைட்டில் பாட்டைக் கேட்டுப் போடுறவங்களையும் பார்த்திருக்கேன். மேளத்தைக் கேட்டுப் போட்டவங்க நீங்கதாம்மா முதல்!” என்றார். சிரித்து முடித்துவிட்டுத் திட்டினார். விரதமோ விசேஷமோ, நாலு நாள் முன்னாடியே வந்து கேளுங்கள், மருந்தை அதற்கேற்ற மாதிரி மாற்றித் தருகிறேன். சாப்பாடு கண்ணெதிரே வராமல் ஊசியைத் தொடாதீர்கள். இனிப்பு கை எட்டுகிற தூரத்தில் இல்லாமல் வாசற்படி தாண்டாதீர்கள். மூன்று கட்டளை. மூன்றும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்ததைத்தானே நாம் மீறுகிறோம்?

அன்று சாயங்காலம் மரகதம் அக்கா வீட்டுக்குள்ளேயே வந்தாள். கதவை அவளே சாத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“சாந்தி… நீ எத்தினி யூனிட் போடுற?”

எனக்குப் புரியவில்லை. அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதி காலி. “எனக்கும் மூணு வருஷமா இருக்குது. ஊசி போட்டுக்கோன்றாரு டாக்டரு. வலிக்குமாடி?”

அடப்பாவி அக்கா! அப்படியானால் அந்த வடை பக்திக் குறைவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நியாயமாகச் சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டிருக்கிறாள். என்ன, சாமிக்குத் தெரிந்தால் பரவாயில்லை. எனக்குத் தெரியக் கூடாது. எனக்கு அவள்மேல் பயம், அவளுக்கு என்மேல் பயம். நடுவில் ஒரு தெரு அகலம்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா” என்றேன். “அதுக்கே கத்துவேன், அது வேற விஷயம்.”

அடுத்த வருஷத்திலிருந்து தட்டு பிடிக்கிறவருக்குத் தட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே முதல் இட்லி என்று தெருவில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது யார்? கலெக்டர்தான். காலை நடைக்கு இப்போது நாங்கள் மூன்று பேர். அக்கா நடக்கிற வேகத்தில் தெரு நாய் பின்தங்குகிறது. “எவ்ளோ?” சூதாட்டத்தில் அவளும் சேர்ந்துவிட்டாள். நேற்று நூற்றிப்பதினெட்டு என்றாள். ஷகீலா நம்பவில்லை. மீட்டரைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறாள்.

பட்டுக்குப் பாக்கெட் இல்லாத குறையையும் தீர்த்துவிட்டோம். தலைப்பின் நுனியில் ஒரு பிடி டைமண்ட் கற்கண்டு, சின்ன முடிச்சாக. இறங்குகிற மாதிரி தோன்றினால் அவிழ்த்துக் கடித்து மென்றுவிட வேண்டியது.

போன வெள்ளிக்கிழமை மரகதம் அக்கா கோயிலுக்குக் கிளம்பினாள். மயில் கழுத்துப் பச்சை, தலைப்பின் நுனியில் ஒரு முடிச்சு. பார்க்கிறவர்களுக்கு அது உண்டியல் காசு.

அவள் நடையைப் பார்த்தால் தெரியும்… அவளுக்கு அது நகை!